கென்ய மலையடியில் ஒரு புகலிடம்

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் போற்றி வளர்ந்தது தமிழ் மரபு. வாய் பேசா உயிர்களின் வாட்டம் கண்டு நெகிழ்ந்த உள்ளங்களின் அடையாளமாக அவ்விரு கொடைகளும் இன்றளவும் நின்று நிலவுகின்றன. ஆயினும், தேர் ஈந்த மறுநாள் அம்முல்லைக்கு நீர் வார்த்தவர் யார்? போர்வை பெற்ற மயிலுக்கு அடுத்த மாரிக்காலத்தில் துணை நின்றவர் யார்? பாடல்கள் அவற்றைப் பேசுவதில்லை. கொடுத்தல் என்பது ஒரு கணத்தின் பெருமை. அதற்கு அடுத்த நிலையைக் குறிக்கத் தமிழில் ஓம்புதல் என்றொரு சொல் உண்டு. விருந்தோம்பல், தீயோம்பல், உயிரோம்பல் என்று வழங்கும் அச்சொல்லில் காத்தலும் வளர்த்தலும் ஒருங்கே அடங்கும். நாள் தவறாமல் செய்தாலன்றி ஓம்புதல் ஓம்புதலாகாது.

அமெரிக்கத் திரையுலகின் முன்னணி நாயகராக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விளங்கிய வில்லியம் ஹோல்டன், கிழக்காப்பிரிக்காவின் ஒரு மலையடிவாரத்தில் இந்த ஓம்புதல் தொழிலை மேற்கொண்டவர். தம்மைத் தாம் ஓம்பத் தெரியாதவராகவும் அவர் இருந்தார் என்பது அவர் வாழ்வின் முரண். இரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி அம்மனிதரை அறிதல் இயலாது.

இளமையும் திரை நுழைவும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஓபாலன் என்னும் சிற்றூரில் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வில்லியம் பிராங்க்ளின் பீடில். தந்தையார் தொழில்துறை வேதியியலார். தாயார் பள்ளி ஆசிரியை. மூன்று வயதுச் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் கலிபோர்னியாவின் தென் பாசடேனாவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தையைப் போன்று வேதியியல் துறையில் செல்ல வேண்டிய இளைஞரைப் பாசடேனாவில் நிகழ்ந்த கல்லூரிக்கால நாடக மேடை வேறு திசைக்குத் திருப்பியது. பாரமவுண்ட் நிறுவனத்தார் அவரை ஒப்பந்தம் செய்தனர். பீடில் என்னும் பெயர் திரைக்கு ஒவ்வாதெனக் கருதி ஹோல்டன் என மாற்றினர்.

1939இல் வெளிவந்த 'கோல்டன் பாய்' அவரை ஒரே நாளில் உலகறியச் செய்தது. வயலின் இசையும் குத்துச்சண்டையும் இருபுறமும் இழுக்க இடையில் அல்லலுறும் இளைஞன் வேடம். அனுபவமற்ற இருபத்தோர் வயதினரின் நடிப்பில் நம்பிக்கை இழந்த தயாரிப்பாளர், அவரை நீக்கிவிட முற்பட்டார். அப்படத்தின் நாயகியும் அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்தவருமான பார்பரா ஸ்டான்விக் குறுக்கே நின்று தடுத்தார். மாலைதோறும் உடனிருந்து பயிற்சி அளித்து, அவ்விளைஞரைக் கரையேற்றினார். அந்த உதவியை ஹோல்டன் மறக்கவில்லை. படப்பிடிப்புத் தொடங்கிய நாளை நினைவில் வைத்து, ஆண்டுதோறும் அந்த அம்மையாருக்கு மலர்கள் அனுப்பி வந்தார். ஒரு நன்றியை ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் இயல்பு இளமையிலேயே அவரிடம் இருந்தது என்பது கருதத்தக்கது.

1941இல் பிரெண்டா மார்ஷல் என்னும் நடிகையை மணந்தார். இரண்டாம் உலகப் போரின்போது வான்படையில் பணியாற்றினார். வீரர்களுக்குரிய பயிற்சிப் படங்களில் நடிப்பதே அவருக்குக் கிடைத்த பணி. கடற்படை விமானியாகச் சென்ற தம்பி ராபர்ட் பசிபிக் போரில் உயிர் நீத்தார். தம்பி போர்முனையில் மாய, தாம் படக்கருவியின் முன் சீருடை அணிந்து நின்றோம் என்னும் எண்ணம் எத்தகைய அண்ணனையும் வருத்தக் கூடியதே.

புகழின் உச்சி

போருக்குப் பின் சில ஆண்டுகள் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சாரமற்ற வேடங்கள். 1950இல் பில்லி வைல்டர் இயக்கிய 'சன்செட் பொலிவார்ட்' அந்நிலையை மாற்றியது. கடனுக்கு அஞ்சி ஓடும் ஏழை எழுத்தாளன், புகழ் மங்கிய பழைய நடிகையின் மாளிகையில் அடைக்கலம் புகுந்து, தன்மானத்தைச் சிறிது சிறிதாக இழந்து, இறுதியில் கொலையுண்டு நீச்சல் குளத்தில் மிதக்கிறான். இறந்துபோன அவனே கதை சொல்வதாக அப்படம் அமைந்தது. அதே இயக்குநரின் 'ஸ்டாலாக் 17' படத்தில், ஜெர்மானியப் போர்க்கைதி முகாமில் தன்னலமே குறியாகத் திரிந்து, சக கைதிகளின் பழிச்சொல்லுக்கு ஆளாகும் செப்டன் என்னும் வேடம் ஏற்றார். அதற்காகச் சிறந்த நடிகருக்குரிய ஆஸ்கார் விருது 1954இல் அவரை வந்தடைந்தது. விழா ஒளிபரப்பின் நேரம் முடிந்துகொண்டிருந்தமையால், நன்றி என்ற அளவில் உரையை முடித்துக்கொண்டு அவர் இறங்கினார். அவ்விழாக்களின் வரலாற்றில் மிகச் சுருக்கமான உரைகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

தமிழர்க்கு அண்மையில் நிகழ்ந்தது அவருடைய அடுத்த பெரும்படம். டேவிட் லீன் இயக்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' இலங்கையில் களனி ஆற்றங்கரையிலுள்ள கித்துல்கல என்னும் இடத்தில் படமாக்கப்பெற்றது. கதை நிகழ்வது தாய்லாந்துக் காட்டில். பாலம் எழுந்ததோ இலங்கை மலைச்சாரலில். 1957இல் வெளிவந்த அப்படம் சிறந்த படத்துக்குரியது உட்பட ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. இப்படத்திற்காக ஹோல்டன் செய்துகொண்ட உடன்பாடு திரையுலகில் நெடுநாள் பேசப்பட்டது. மொத்த வசூலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அவருக்கு உரியது. அதனை ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் பெற்றுக்கொள்ள இசைந்தார். படம் ஈட்டிய பெரும்பொருளால் அவ்வருவாய் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. தொழிலைத் தேடி ஓடாமல் உலகைச் சுற்றும் விடுதலையை அவருக்கு அது அளித்தது.

1950களின் இறுதியில் குடும்பத்துடன் சுவிட்சர்லாந்தில் குடியேறினார். வரிச்சுமைக்கு அஞ்சித் தாயகம் துறந்தார் எனத் தாயகத்தில் குறை கூறினோர் பலர். பொருளும் புகழும் நிறைந்த அந்நாளிலேயே, இளமை முதல் தொடர்ந்த குடிப்பழக்கம் அவரைத் தன் வயப்படுத்தத் தொடங்கியிருந்தது.

மேகங்களின் இல்லம்

1959இல் எண்ணெய் வணிகர் ரே ரையன், சுவிட்சர்லாந்து வங்கியாளர் கார்ல் ஹிர்ஷ்மன் என்னும் இரு நண்பர்களுடன் ஹோல்டன் கென்யாவில் பயணம் செய்தார். செல்வர் ஆப்பிரிக்கா செல்வது வேட்டைக்கே என்றிருந்த காலம் அது. காட்டெருமைத் தலையும் யானைக் கொம்பும் அவர்தம் வரவேற்பறைகளை அணிசெய்தன. அந்த வேட்டை உலகின் வாயில் வழியாகவே ஹோல்டனும் உள்ளே நுழைந்தார்.

நைரோபிக்கு வடக்கே, நிலநடுக்கோட்டின் மீதே அமைந்த நன்யூகி என்னும் ஊரின் அருகே, 5,199 மீட்டர் உயர்ந்த கென்ய மலையை நோக்கி நின்றது ஒரு பழைய விடுதி. அதன் பெயர் மாவிங்கோ. சுவாகிலி மொழியில் மேகங்கள் என்பது பொருள். வெயில் கொளுத்தும் நிலநடுக்கோட்டில் நின்று பனிமுடி சூடிய சிகரத்தைக் காணும் அவ்விடத்தின் அழகில் மூவரும் உள்ளம் பறிகொடுத்தனர். அவ்விடுதியை விலைக்கு வாங்கி, 'மவுண்ட் கென்யா சபாரி கிளப்' என்னும் பெயரில் நடத்தலாயினர். உலகத் தலைவர்களும் திரைக்கலைஞர்களும் அதன் உறுப்பினர் ஆயினர். அதுவரை நிகழ்ந்தது செல்வர் பொழுதுபோக்கின் கதையே. அதன்பின் விளைந்ததே ஹோல்டனின் தனிக்கதை.

விருந்தினராக வந்தவர் திரும்பத் திரும்ப அங்கு வரலானார். 1962இல் வெளிவந்த 'தி லயன்' படத்தையும் கென்யாவிலேயே நடித்தார். ஒரு சிறுமிக்கும் அவளுடன் வளர்ந்த சிங்கத்துக்கும் இடையிலான நேயத்தையும், அந்நேயம் எத்துணை இடர் மிக்கது என்பதையும் கூறும் கதை அது. 1963இல் கென்யா விடுதலை பெற்றது. மக்கள்தொகை பெருகியது, மேய்ச்சல் நிலங்களும் காட்டோரங்களும் கழனிகளாயின. விலங்குகள் வழக்கமாக நடந்த தடங்களில் வேலிகள் எழுந்தன. உழவன் பயிரைக் காக்க வேண்டும். விலங்கு பசியாற வேண்டும். இரண்டுமே நேர்மையான தேவைகள். ஒன்றை மற்றொன்றுக்காகப் பழிக்க முடியாத அந்தச் சிக்கலை ஹோல்டன் நேரில் கண்டார். விலங்குகளைச் சுடாமல் விட்டுவிட்டால் போதும் என்னும் எளிய அறம் அவ்விடத்தில் பயன்படாது என்பது அவருக்குப் புலனாயிற்று. அவற்றுக்கென நிலம் வேண்டும்; நாள்தோறும் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் வேண்டும்.

1966, 1967

இவ்விரு ஆண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

1966ஆம் ஆண்டு இத்தாலியின் நெடுஞ்சாலை ஒன்றில் ஹோல்டன் ஓட்டிச் சென்ற கார் மற்றொரு காரின்மீது மோதியது. அக்காரை ஓட்டியவர் உயிரிழந்தார். ஹோல்டன் மது அருந்தியிருந்தார். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதனை நிறுத்தி வைத்தது. சிறை புகாமல் தப்பினாரேனும் அச்சாவின் சுமையிலிருந்து அவர் தப்பவில்லை. குடும்ப வாழ்வும் முன்னரே விரிசல் கண்டிருந்தது. 1971இல் மணமுறிவில் முடிந்தது.

1967ஆம் ஆண்டு, சபாரி கிளப்பை ஒட்டி 1,200 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தில் 'மவுண்ட் கென்யா கேம் ராஞ்ச்' என்னும் காட்டுயிர்ப் புகலிடம் உருவாயிற்று. டெட்ராய்ட் நகரத் தொலைக்காட்சியில் விலங்குகளைக் கொண்டு சிறுவர் நிகழ்ச்சி நடத்திவந்த டான் ஹண்ட், கென்யக் காட்டுயிர்களை நன்கறிந்த ஜூலியன் மக்கீண்ட் ஆகியோர் அம்முயற்சியில் ஹோல்டனுடன் கைகோத்தனர்.

ஒரு சாவுக்கு மறு ஆண்டில் ஒரு புகலிடம். இரண்டையும் முடிச்சிட்டு, குற்றத்துக்குக் கழுவாய் தேடினார் என்று எழுதிவிடுதல் எளிது. அவ்வாறு எழுதுவது மாண்டவருக்கும் நீதியாகாது, ஹோல்டனுக்கும் நீதியாகாது. கென்ய மண்ணின்மீது அவர் கொண்ட பற்று விபத்துக்குப் பல்லாண்டு முந்தியது. ஆயிரம் விலங்குகளைக் காத்தாலும் ஒரு மனித உயிர் திரும்பி வருவதில்லை. அழித்த கையும் ஆக்கிய கையும் ஒருவருடையவை என்பதொன்றே துணிந்து கூறத்தக்கது. ஒருவர் வாழ்வின் நன்மையும் தீமையும் ஒன்றையொன்று கழித்துக் கணக்குத் தீர்ப்பதில்லை. இரண்டும் தனித்தனியே நின்றுவிடுகின்றன.

ஓம்புதல் என்னும் தொழில்

புகலிடத்தின் அன்றாடப் பணி கவிதைக்குரிய அழகுடையதன்று. உழவு பெருகிய நிலங்களில் அகப்பட்ட விலங்குகளைக் காயப்படுத்தாமல் பிடித்தல், வண்டியேற்றுதல், பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு சேர்த்தல், தாயிழந்த குட்டிகளுக்குப் பாலூட்டுதல், வேலிகளைச் செப்பனிடுதல் என அது நாள்தோறும் தொடர்வது. அச்சத்தால் ஓடி ஓடியே உயிர்விடும் இயல்புடையவை காட்டு விலங்குகள் பல. அவற்றைப் பிடிப்பதற்கு வேட்டைக்காரனின் கூர்மை அனைத்தும் வேண்டும். கொல்லும் நோக்கம் மட்டும் விலக வேண்டும். துப்பாக்கி இருந்த கையில் கயிறு வந்தது எனலாம். ஒப்பனையின்றி, படக்கருவியின்றி, புழுதி படிந்த உடையுடன் இவ்வேலைகளில் ஈடுபட்ட நாள்களையே ஹோல்டன் பெரிதும் விரும்பினார். நடிப்பைத் தம் வாழ்வின் முழுப்பொருளாக அவர் என்றுமே கருதியதில்லை.

அப்புகலிடத்தின் வரலாற்றில் தனியிடம் பெறுவது போங்கோ என்னும் மலை இரலை. செம்பழுப்பு உடலில் மெல்லிய வெண்கோடுகள் இறங்க, ஆணும் பெண்ணும் முறுக்குக் கொம்பு தாங்க, அடர்காட்டின் நிழலுக்குள் நிழலாக மறைந்து வாழும் கூச்சமிக்க விலங்கு அது. கென்ய மலையிலும் அபெர்டேர் மலைத்தொடரிலும் வாழ்ந்த அவ்வினம், காடழிப்பாலும் நாய்களைக் கொண்டு நடத்திய கள்ள வேட்டையாலும் கால்நடை நோய்களாலும் குறைந்துகொண்டே வந்தது. 1960களிலும் 1970களிலும் அவற்றுள் சில பிடிக்கப்பட்டு வட அமெரிக்க விலங்குக்காட்சிச் சாலைகளுக்கு அனுப்பப்பட்டன. ஹோல்டன், ஹண்ட் ஆகியோரின் புகலிடத்துக்கும் இப்பணியில் பங்குண்டு. காட்டின் மக்களைக் கடல் கடந்து கூண்டுக்கு அனுப்புவது முறையோ என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்குரிய விடையைக் காலம் மிக மெதுவாகவே அளித்தது.

1977இல் கென்ய அரசு வேட்டையை முற்றிலும் தடை செய்தது. வேட்டைக்காரர் விடுதியாகத் தொடங்கிய இடத்தின் அருகே பத்தாண்டுகளுக்கு முன்பே எழுந்திருந்த புகலிடத்தின் வழி சரியென அச்சட்டம் உறுதி செய்வது போன்றிருந்தது. சபாரி கிளப் அதே ஆண்டில் வேறு கைக்கு மாறியது. புகலிடம் கைமாறவில்லை.

இறுதி ஆண்டுகள்

இதே காலத்தில் திரையிலும் அவருக்கு மறுவாழ்வு வாய்த்தது. 1969இன் 'தி வைல்ட் பன்ச்' படத்தில், காலம் மாறிவிட்டதை உணர்ந்த மூத்த கொள்ளைக்காரனாக நடித்தார். முகத்தில் விழுந்திருந்த சுருக்கங்களை ஒப்பனையால் மறைக்காமல், அவற்றையே நடிப்பின் கருவியாக்கினார். 'தி புளூ நைட்' என்னும் தொலைக்காட்சிப் படைப்புக்கு எம்மி விருது பெற்றார். 1976இன் 'நெட்வொர்க்', சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரையை மீண்டும் அவருக்குத் தந்தது. 1972 முதல் அவருடன் நெருங்கிப் பழகிய நடிகை ஸ்டெபானி பவர்ஸ், கென்யப் பணியிலும் உற்ற துணையானார்.

1978ஆம் ஆண்டு ஆஸ்கார் விழாவில் வேறொரு விருதை வழங்குவதற்காக ஹோல்டனும் பார்பரா ஸ்டான்விக்கும் மேடையேறினர். எழுதித் தந்த உரையை ஒதுக்கிவிட்டு, முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தம்மைக் காப்பாற்றியவர் இவரே என அவையறியக் கூறினார் ஹோல்டன். தம் விருதுக்குச் சொல்ல வாய்க்காத நன்றியுரையைப் பிறர் விருதின்போது சொல்லி முடித்தார்.

மது மட்டும் அவரை விடவில்லை. விட முயன்றார், மீண்டும் வீழ்ந்தார். 1981 நவம்பர் 12ஆம் நாள் சாண்டா மோனிகாவிலுள்ள தம் குடியிருப்பில் தனித்திருந்தபோது, மது மயக்கத்தில் தரைவிரிப்பில் கால் இடறி விழுந்தார். படுக்கையருகே இருந்த மேசையின் விளிம்பில் நெற்றி மோதியது. குருதி வடிந்து உயிர் பிரிந்தது. உடல் நவம்பர் 16ஆம் நாளே கண்டெடுக்கப்பட்டது. தாயிழந்த குட்டிகளுக்கு இரவும் பகலும் ஆள் வைத்துக் காத்தவரின் சாவை நான்கு நாள்கள் எவரும் அறியவில்லை. அப்போது அவருக்கு வயது 63. அவர் விரும்பியவாறே இறுதிச் சடங்கு ஏதுமின்றிச் சாம்பல் பசிபிக் கடலில் கரைக்கப்பட்டது. மறு ஆண்டு பார்பரா ஸ்டான்விக் சிறப்பு ஆஸ்கார் விருதினைப் பெற்றபோது, அந்நாளைத் தாமும் காண விரும்பியிருந்த ஹோல்டனை மேடையில் நினைவுகூர்ந்தார்.

நின்று நிலைத்தது

நிறுவியவர் மறைந்ததும் நிறுவனம் தளர்தல் உலக இயல்பு. நன்யூகியில் அவ்வாறு நிகழவில்லை. தொடக்கம் முதலே அப்பணி ஒருவர் புகழின் நிழலில் ஒதுங்காமல் பலர் கைகளில் பகிர்ந்து நடந்தமையே அதற்குக் காரணம். டான் ஹண்ட் பணியைத் தொடர்ந்தார். 1982இல் ஸ்டெபானி பவர்ஸ் முதலானோர் 'வில்லியம் ஹோல்டன் வைல்ட்லைஃப் பவுண்டேஷன்' என்னும் அறக்கட்டளையை நிறுவினர். புகலிடத்தை ஒட்டிக் கல்வி மையம் ஒன்று எழுந்தது. சுற்றுவட்டாரப் பள்ளி மாணவர்கள் அங்கு வந்து தம் நாட்டு விலங்குகளைப் பற்றியும், மண்ணைக் காப்பது பற்றியும், மரத்தை வெட்டாமல் அடுப்பெரிக்கும் வழிகள் பற்றியும் கற்கலாயினர். மலையடியில் வாழும் உழவர் வீட்டுப் பிள்ளைகள் காட்டின் பகைவராக வளராமல் அதன் காவலராக வளர வேண்டும் என்பதே அதன் நோக்கம். வேலியால் மட்டும் காடு நிலைக்காது என்பதை உணர்ந்தோர் செய்த ஏற்பாடு இது.

2004ஆம் ஆண்டு சனவரியில் விமானம் ஒன்று பதினெட்டுப் போங்கோ இரலைகளைக் கென்யாவில் கொண்டுவந்து இறக்கியது. முன்பு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் அவை. அவற்றின் முன்னோர் வாழ்ந்த காட்டில் அவ்வினம் நூற்றுக்கும் குறைவாக அருகிப்போயிருந்தது. திரும்பி வந்தவை சேர்ந்த இடம் ஹோல்டனும் நண்பர்களும் உருவாக்கிய அதே புகலிடம். கூண்டில் பிறந்தவை காட்டின் மணத்தையும் நோயையும் அச்சத்தையும் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகளும் சில தலைமுறைகளும் தேவைப்பட்டன. 2022 மார்ச்சு மாதத்தில் அங்கு வளர்ந்த போங்கோக்களுள் ஐந்து, கென்ய மலைக்காட்டில் அவற்றுக்கென அமைத்த காப்பகத்தில் விடப்பட்டன. அக்காப்பகத்தின் பெயர் மாவிங்கு. ஹோல்டன் முதன்முதல் கண்டு மயங்கிய விடுதியின் பெயரும் அதுவே, மேகங்கள்.

1967இல் தொடங்கிய பணி, தொடங்கியவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஐந்து இரலைகளாகக் காட்டுக்குள் நடந்து சென்றது. அவற்றுக்கு ஹோல்டனைத் தெரியாது. எந்தத் திரைப்படத்தையும் அவை பார்த்ததில்லை. பேகனின் போர்வையை அந்த மயில் எத்தனை நாள் தாங்கியதோ அறியோம். நன்யூகி மலையடியில் இன்றும் காலைதோறும் யாரோ ஒருவர் வேலியைச் சுற்றிப் பார்த்து வருகிறார். யாரோ ஒருவர் தாயிழந்த குட்டிக்குப் பால் புகட்டுகிறார். தம்மைக் காத்துக்கொள்ளத் தெரியாத ஒருவர் தொடங்கி வைத்த ஓம்புதல் அது.